கவுன்ட்டர் எண் இரண்டு

பசை தடவி ஒட்டியவன் நான்தான்.
தஞ்சாவூரிலிருந்து தபாலில் வந்த தாள்:
'முதல் தேதி தொடங்கி இச்சங்கத்தில்
ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்
நாணயம்
வாங்கும் வழக்கம்
கிடையாது.'

மறுநாள் வந்து பார்த்தால்
யாரோ சாணியை அளவாக அப்பியிருந்தார்கள்.
மிஞ்சியது மூன்றே சொல்:
இச்சங்கத்தில் நாணயம் கிடையாது.
செயலாளர் கழுவச் சொன்னார். கழுவினேன்.
சிரித்ததை அவர் பார்க்கவில்லை.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் விழுந்தால்
மன்னார்குடி பஸ்ஸும் நிற்கும்
மாப்பிள்ளை காரும் நிற்கும்.
அந்த நேரம்தான் அஞ்சம்மாளின் கடை,
ஜன்னல் ஜன்னலாக ஓடுகிற கடை.
வெள்ளரிப் பிஞ்சு ஒத்தை மூணு, நாலு பத்து.

'கட்டம் போட்ட அட்டைய
நானும் வாங்கிக் கழுத்துல மாட்டினேன் சார்.
வட்டம் சுத்தி முடியறதுக்குள்ள
கேட்டத் தூக்கிடறான்.
காசு வந்துச்சா வரலையான்னு கேட்டுக்கிட்டு
பஸ்ஸு பின்னாடி எவ்வளவு தூரம் ஓட?'

இதைச் சொன்னது
நகைக்கடன் வட்டி கட்ட வந்த அன்று,
இடுப்பில் ஒரு மரக்கால், விளிம்புவரை ஒற்றை ரூபாய்.
அவளுக்குப் பின்னால் வரிசை
உரக்கடை தாண்டிப் போனது.
டீத்தூள் டப்பாவோடு ஜமீலா,
தோல் பையோடு கண்டக்டர் ராசமாணிக்கம்,
பிள்ளைகளின் உண்டியலை உடைக்க மனமில்லாமல்
உண்டியலாகவே தூக்கி வந்த ஒருவர்.

'ஈரப்பதம் பாத்துக்கங்க'
கொட்டிக்கொண்டே சொன்னாள்,
'பதினேழுக்கு மேல இருந்தா திருப்பி எடுத்துட்டுப் போறேன்.'
வரிசை மொத்தமும் சிரித்தது.
கொள்முதல் நிலைய வாசலில்
பதினோரு ராத்திரி நெல்லுக்குக் காவல் படுத்தவர்கள்.

கோஷம் இல்லை, கொடி இல்லை.
'வாங்க மாட்டோம்னு எழுதிக்
கையெழுத்துப் போட்டுக் குடுங்க' என்றார்கள், அவ்வளவுதான்.
கையெழுத்து என்றால் செயலாளருக்குக் காய்ச்சல் வரும்.
'வாங்கித் தொலைய்யா'
உள்ளே போய் மின்விசிறியைப் போட்டுக்கொண்டார்.

'மொய்க்கு நூறு வச்சா உறவு அதோட முடிஞ்சுது' என்றார்
வரிசையில் ஒருவர், என்னிடம் இல்லை, பொதுவாக.
'நூத்தியொண்ணு வச்சாத்தான் பாக்கி இருக்கும்.
அந்த ஒண்ண நிறுத்துறேங்கறானே.'

எண்ணினேன்.
பத்துப் பத்தாக அடுக்கினேன், சரிந்தது, அடுக்கினேன்.
கரண்ட் போனபின் தடவி எண்ணினேன்.
விரலெல்லாம் அடுத்தவர் வேர்வை.
இருபத்தேழாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
ரசீதுகளைக் கூட்டினால்
மூன்று குறைந்தது.
திரும்ப எண்ணினேன். மூன்று அதிகம்தான்.

பெட்டகத்தைப் பூட்டும்போது
பக்கக் கதவில் தட்டல்.
பக்கிரிசாமியின் மகன், கையில் ஒரு நூறு ரூபாய்த் தாள்.
'அப்பா ஆறு மணிக்குப் போயிட்டாரு.
நெத்தியில வைக்க ஒரு ரூபா வேணும் சார்.
தெருவுல யார்கிட்டயும் இல்ல.
எல்லாத்தையும் இங்க கொண்டாந்துல்ல கொட்டிட்டோம்.'

கணக்கு முடித்துக் கையெழுத்தும் ஆயிற்று.
பூட்டியபின் ஒரு பைசா நகர்த்த
எனக்கு அதிகாரம் இல்லை.
மேஜையில் தனியே கிடந்த மூன்றில் ஒன்றை எடுத்துச்
சட்டையில் துடைத்துக் கொடுத்தேன்.
நூறை வாங்கவில்லை.
அவன் படியிறங்கி நின்று கேட்டான்:
'எப்பத் திருப்பித் தரணும் சார்?'

அதிகப்படி: இரண்டு.
இப்படித்தான் எழுதியிருக்கிறேன் பேரேட்டில்.
அந்த இன்னொன்றை
எந்தத் தலைப்பில் காட்டுவது என்று தெரியாமல்
மூன்று நாளாகப் பேனா மூடி திறந்தே கிடக்கிறது.

இன்று காலைத் தபாலில்
தஞ்சாவூரிலிருந்து இன்னொரு தாள், சற்றே பெரிய எழுத்தில்.
பசை இன்னும் கிண்டவில்லை.
கேட் விழுகிற மணி.
ஒத்தை மூணு, நாலு பத்து.